ஆறாவது வெள்ளிக்கிழமை

அயனம்பாக்கம்
12-7-1993

ஷார்ஜாவில் வெல்டிங் ராஜாவாக விளங்கும் என் அக்காள் மகன் லோகநாதனுக்கு, தாய்மாமன் வேம்புலி எழுதுவது. இங்கே நான், உன் அத்தை கஸ்தூரி, மாடு, கன்று எல்லோரும் சுகம். உன் சுகம் கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

ஆவணியில் வரும் அம்மாவின் தலைத் திவசத்துக்கு வரப்போவதில்லை என்கிறாய். வேலையை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிக்கொண்டாயாம். "அம்மா மாங்காட்டம்மனுக்கு ஆறு வாரமும் முடித்துவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடினாள் என்று நீங்கள் எழுதினீர்களே, அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன், அது போதும் மாமா" என்று வேறு எழுதியிருக்கிறாய். கூடவே, படத்துக்குக் கீழே ஒட்டுவதற்கு அவள் வாழ்க்கையை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பச் சொல்கிறாய்.

எழுதுவதற்கு இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. எட்டாம் வகுப்போடு நின்றாலும், அம்பத்தூர் எஸ்டேட்டில் பாதிப் பேருக்கு லீவு லெட்டர் என் கைவண்ணம்தான். ஒரு லெட்டரைப் படித்துவிட்டு மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு நாள் கேட்டவனுக்கு நாலு நாள் கொடுத்தார். அப்பேர்ப்பட்டவன் மூன்று நாள் உட்கார்ந்து எழுதியதை உன் அத்தையிடம் படித்துக் காட்டினேன். அக்காள் போய் நின்றாலே சன்னதி விளக்கு நிமிர்ந்து எரியும் என்று எழுதியிருந்தேன். "யோவ், இது நம்ம அண்ணி மாதிரியே இல்லியே, யாருய்யா இந்தப் பொம்பள" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். கிழித்துப் போட்டேன்.

ஜெகதாம்பாளை எப்படித்தான் எழுதுவது? உனக்கு ஆறு வயதில் உன் அப்பா போய்விட்டார். அடுத்த மாதமே அவள் மண்ணூர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டப் போனாள். பதினெட்டு வருடம் நின்றுகொண்டே நூல் வெட்டி முட்டி தேய்ந்துபோனது. வெள்ளிக்கிழமை மட்டும் ஓவர்டைம் பார்க்க மாட்டாள். சூப்பர்வைசர் கத்தியதற்கு, "மத்த நாளெல்லாம் உனுக்கு சார், வெள்ளிக்கெழம சாயங்காலம் அவளுக்கு" என்றாளாம். அந்த ஆள் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. ஐ.டி.ஐ.யில் உனக்கு இடம் கிடைத்த அன்று அம்மனுக்கு விளக்கேற்றினாள். பிறகு, அப்ளிகேஷன் பாரம் வாங்க வரிசையில் நின்ற தன் காலுக்கும் எண்ணெய் தேய்த்துக்கொண்டாள். அவள் பக்தி அந்த மாதிரி. சாமியிடம் கேட்டுவிட்டுச் சும்மா உட்கார மாட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், மாப்பிள்ளை. போன வருடக் கடிதத்தில் நான் ஒன்று சேர்த்து எழுதிவிட்டேன். அவள் முடித்தது ஐந்து வாரம்தான்.

அந்த வேண்டுதல் உனக்கே தெரியும். தவறாமல் ஆறு வாரம், ஒரே கிழமையில் போக வேண்டும். அங்கே தரும் எலுமிச்சம்பழத்தைப் பூஜையில் வைத்திருந்து, மறுவாரம் எடுத்துப் போக வேண்டும். ஆறாவது வாரம் பால் காய்ச்சிக் கொண்டுபோய்ப் படைத்தால் நிறைவு. ஐந்து வெள்ளிக்கும் பஸ் மாறி மாறிப் போய் வந்ததில் அவளால் பஸ் படி ஏற முடியவில்லை. ஆறாவது வெள்ளிக்கு என் டி.வி.எஸ். வண்டியில் கூட்டிப் போகிறேன், பூந்தமல்லி ரோட்டில் பஸ்ஸையே முந்திக் காட்டுகிறேன் என்று நான்தான் வாய் கொடுத்தேன்.

அன்றைக்குக் காலையில் துலுக்கானம் கடையில் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தேன். யாரோ உன்னைப் பற்றி விசாரித்தார்கள். நீ ஒற்றை ஆளாகக் கப்பலை ஒட்ட வைப்பதையும், அரபிக்காரன் தன் கையாலேயே உனக்குப் பேரீச்சம்பழம் ஊட்டுவதையும் சொன்னேன். பத்துப் பேர் கூடிவிட்டார்கள். கூட்டம் கூடினால் என் கதை உனக்குத் தெரியாதா. எழுந்து பார்த்தால் வெயில் உச்சியில் இருந்தது. கோயில் நடை சாத்தியிருப்பார்கள்.

அவள் வாசற்படியில் துவைத்த புடவையோடு, மடியில் பால் தூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி பஞ்சர் என்றேன். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "பால் திரிஞ்சிப் போச்சிடா" என்று கொண்டுபோய்க் கொட்டினாள். சாயங்காலம் நடை திறந்ததும் போகலாம் என்று கெஞ்சினேன். "வுடுடா. லோகு ஊட்டுக்கு வரணும்னுதானே வேண்டிக்கினேன். அவன் வந்து, அவங்கூடப் போய் முடிச்சிக்கிறேன்" என்றாள். செவ்வாய்க்கிழமை காலை குழாயடியில் குடத்தோடு சாய்ந்தாள்.

அவள் சொன்னதில் ஓர் எழுத்துகூட நான் சேர்க்கவில்லை. இதை எப்படி உன்னை நம்ப வைப்பேன்? ஊரில் எதைச் சொன்னாலும் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்கிற மாதிரி நானே பழக்கி வைத்திருக்கிறேன். அவள் சாவுக்குக்கூட உன்னை விடமாட்டேன் என்று கம்பெனிக்காரன் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டபோது, நீ அங்கே தனியாகக் கிடந்து அழக்கூடாதே என்றுதான் ஆறு என்று எழுதினேன். அந்த ஆறை வைத்துக்கொண்டு நீ அங்கேயே தங்கிவிடுவாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நானே முடித்துவிடலாம் என்றும் பார்த்தேன். உன் கடிதம் வந்த வாரம் பாலோடும் பழத்தோடும் மாங்காட்டுக்குப் போனேன். அர்ச்சகர் பேரும் நட்சத்திரமும் கேட்டார். உன் பேரைச் சொன்னேன். உன் நட்சத்திரம் எனக்குத் தெரியவில்லை. வேறு எங்கேயாவது இருந்தால் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். அங்கே வாய் வரவில்லை. "அதெல்லாம் அவங்க அம்மாவுக்குத்தான் தெரியும் சாமி" என்று சொல்லிவிட்டு, பாலைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உன்மேல் கோபம் என்று ஆரம்பித்தேன். யார்மேல் கோபம் என்று இப்போது நீயே பார்த்துக்கொள்.

பத்து நாள் வந்தால் போதும். திவசத்தைக் கொடு. வருடத் தீட்டுக் கழிந்துவிட்டால் நீ கோயிலுக்குப் போகலாம். அடுத்த வெள்ளிக்கிழமை உன் அத்தை பால் காய்ச்சித் தருவாள். நீ மட்டும் உள்ளே போ. உனக்கு என்ன நட்சத்திரமோ, அந்த அம்மனுக்காவது தெரியும். நான் வெளியே உன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

மாங்காட்டாள் உன் கண்ணையும் கையையும் நெருப்பிலிருந்து காக்கட்டும். பதில் பெரிதாக வேண்டாம். வருகிற தேதியை மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
வேம்புலி