இமை தாங்கும் கம்பி

அன்புள்ள அம்மாவுக்கு, சிகுசா எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அங்கே பனி விழத் தொடங்கிவிட்டதா?

இங்கே சபாயே ஊரில், எங்கள் மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் ஒரு வேடிக்கை. போன வாரம் உசாமி என்றொரு வயதான அம்மாள், இறந்துபோன கணவரின் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்தார். அப்பாவுடையதைப் போலவே, தொங்கும் இமையைத் தூக்கிப் பிடிக்கும் கம்பி வைத்தது. தகனத்தில் உலோகம் வைக்க விடமாட்டார்களே. நாம் அப்பாவுடையதை வைத்திருப்பதுபோலவே, பூஜை மாடத்தில் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

"கம்பியை மடக்கி விட்டுடும்மா. மனுஷன் இனியாவது கண்ணை மூடித் தூங்கட்டும்."

மடக்கிக் கொடுத்தேன். இன்று வெளுத்த முகத்தோடு திரும்பி வந்தார்.

"மறுபடியும் முழிச்சுக்கிட்டாரு!"

கம்பி நிமிர்ந்திருந்தது. சூடு பட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் கம்பி அது. "மெழுகுவர்த்தியைத் தள்ளி வையுங்க, பாட்டி" என்று சிரித்தேன்.

"எங்க வீட்ல மின்சார மெழுகுவர்த்திதாம்மா. சூடே வராது."

மறுபடி மடக்கிக் கொடுத்தேன்.

உங்கள் கையால் போட்ட முள்ளங்கி ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். கடை ஊறுகாய் தொண்டையில் இறங்கவில்லை. தபால் எடுக்க வந்துவிடுவார்கள், முடிக்கிறேன். ஒன்று மட்டும்: ஊரைவிட்டுக் கிளம்பும்போது அப்பாவின் கம்பியை நானும் மடக்கிவிட்டுத்தான் வந்தேன். ஒருமுறை பாருங்கள். நிமிர்ந்திருந்தால் பயப்படாதீர்கள், அப்படியே விட்டுவிடுங்கள்; அப்பா விழித்திருக்கட்டும். நீங்கள் அங்கே தனியாகத்தானே இருக்கிறீர்கள்.

உங்கள் சிகுசா