அப்பாவுக்கு மட்டும் கேட்ட டிக் டிக்

சனிக்கிழமை இரவு, போர்வைக்குள்.

டெலிவரிக்கு அப்பா வாங்கிய பழைய பைக்கில் ஏதோ ‘டிக் டிக்’ சத்தமாம். மெக்கானிக் நயாஸ் பாய் அல்சூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் கேக்கலயே அண்ணா” என்றார். “மொதல்ல உன் காத சர்வீஸ் பண்ணு” என்று அப்பா திட்டினார்.

இன்று பின்னால் உட்கார்ந்து போனபோது கண்டுபிடித்துவிட்டேன். அப்பா ஹெல்மெட் வாரை மாட்டுவதே இல்லை. அதன் கொக்கிதான் காற்றில் ஆடி ஹெல்மெட்டில் தட்டுகிறது. தப்பு அவருடையது என்று சொன்னால் தெருவே அதிரும். அதனால் “போலீஸ் நிக்கறாங்கப்பா” என்று மட்டும் சொன்னேன். உடனே வாரை மாட்டினார். சத்தம் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், “டிக் டிக்கே நின்னுடுச்சுடி. உள்ள ஏதோ ஒடஞ்சு விழுந்திருக்கு. பாய காலைல இங்கயே வரச் சொல்லிட்டேன், இஞ்சினப் பிரிச்சிடலாம்” என்றார்.

பிரித்தால் ஒரு வாரம் வண்டி இல்லை, வேலையும் இல்லை. டிக் டிக் இருந்தவரை திட்டியதோடு சரி, பிரிக்கச் சொன்னதில்லை.

தலையணைக்கு அடியில் ஒரு கரண்டி வைத்திருக்கிறேன். காலையில் பாய் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் அப்பா காதில் விழும்படி ஜன்னல் கம்பியில் ‘டிக் டிக்’ என்று தட்ட வேண்டும். எவ்வளவு வேகமாக என்றுதான் தெரியவில்லை.