நீ வரைந்த அப்பா டிவியில் வந்தார்

அண்ணா,

தையல் கடைக்குக் கிளம்பிவிட்டேன். இதை உன் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது.

நேற்று நீ வருவதற்குள் நீ வரைந்த கார்ட்டூன் டிவியில் வந்தது. அதுதான், அப்பனும் மகனும் முட்டிக்கொண்டு கடைசியில் ராசியாகிற கதை. "பொம்மை வரையறதெல்லாம் ஒரு பொழப்பா" என்று உன்னிடம் பேச்சை நிறுத்திய மனிதர், கண் கொட்டாமல் முழுசாகப் பார்த்தார். அந்த அப்பன் பனியனைத் தூக்கித் தொப்பையைச் சொறிந்ததும் கண்டுபிடித்துவிட்டார்.

"இது நான்தானே?"

"இல்லப்பா, யாரோ ஒரு குண்டு ஆளு."

"என் வயிறு எனக்குத் தெரியாதா? கொஞ்சம் பெருசாவே போட்டிருக்கான், கழுத."

கடைசியில் அந்தக் கார்ட்டூன் அப்பன் மகனைக் கட்டிப்பிடித்து அழுதபோது, "இதெல்லாம் நமக்கு வராது" என்று எழுந்துபோய் முகம் கழுவினார். ஆனால் பெயர்கள் ஓடும்போது ஈர முகத்தோடு ஓடிவந்து, என்னை நகரச் சொல்லி உன் பெயரைத் தேடினார்.

இன்று கூடத்து ஃபேனைக் கழற்றப் போகிறாராம். அது நன்றாகத்தான் ஓடுகிறது. சற்று நேரத்தில் உன் கதவைத் தட்டி ஸ்க்ரூடிரைவர் கேட்பார். அது அவர் சட்டைப்பையிலேயே இருக்கிறது. கண்டுகொள்ளாதே. சிரித்தும் தொலைக்காதே.

பின்குறிப்பு: ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள நான் வேண்டுமானால் நிற்கிறேன் என்றேன். "நீ கெளம்பும்மா, அவன் இருக்கான்ல" என்றார்.