கோப்பைக்கு மதிப்பெண் இல்லை

பதிவு 1
மார்ச் 4, காலை 9.15, இந்திய நேரம்
நிலவின் தென்துருவம், பனிக்குழி நிலையம் மூன்று

காற்று சீர். தண்ணீர் சுத்திகரிப்பு சீர். என் இடது முழங்கால் மட்டும் சீராக இல்லை.

பதிவு எழுதுவது இங்கே விதி. யார் வாசிப்பார்கள் என்று கேட்டேன். எப்போதாவது யாராவது என்றார்கள். அந்த யாராவதுக்கு வணக்கம். நான் வயலட் தனபாக்கியம், பாளையங்கோட்டையில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இசக்கியும் ரஹீமும் குழிக்குள் இறங்கிப் பனிக்கட்டி வெட்டுகிறார்கள். குழியின் விளிம்பில் வேதநாயகம் கயிற்றுப் பொறியருகே நின்று அவர்களை இறக்கி ஏற்றுகிறார். நான் கே-ஏழு என்ற இயந்திரத்துக்குப் பாடம் நடத்துகிறேன். நாங்கள் அதைக் கேசவன் என்று கூப்பிடுகிறோம்.

பாடம் டிட்டர்மினர். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்து எது, எத்தனை, யாருடையது என்று காட்டும் சின்னச் சொற்கள். தமிழில் ‘கோப்பையை எடு’ என்றாலே போதும். எந்தக் கோப்பை என்பதைக் கண் சொல்லிவிடும். இயந்திரத்துக்கான ஆணைகள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது உலக விதி. நம் ஆட்கள் ஆங்கிலம் பேசும்போது இந்தச் சின்னச் சொற்களை விழுங்கிவிடுவார்கள். விழுங்கியதையும் கேசவன் புரிந்துகொள்ள வேண்டும். புரியாவிட்டால் திருப்பிக் கேட்க வேண்டும்.

கோப்பைகளை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். ‘எ கப்’ என்றால் ஏதாவது ஒன்று. ‘தி கப்’ என்றால் உனக்கும் எனக்கும் தெரிந்த அது. ‘எவ்ரி கப்’ என்றால் ஒன்று விடாமல். ‘ஹிஸ் கப்’ என்றேன். கேசவனின் இரும்புக் கை சற்று யோசித்து, ரஹீமின் விளிம்பு உடைந்த நீலக் கோப்பையை எடுத்து வந்தது. கோப்பை என் கைக்கு வந்த பிறகு ஒரு மதிப்பெண் கொடுத்தேன். மதிப்பெண் என்றால் அவனுக்கு உயிர். அதற்காகத்தான் கற்கிறான்.

குழியிலிருந்து ரேடியோவில் ரஹீமின் குரல்: “டீச்சர், ஒரு கப்பு, அந்தக் கப்பு, அவன் கப்பு எல்லாம் நடத்தியாச்சு. கப்புக்குள்ள சாயா ஊத்துற பாடம் எப்போ?”


பதிவு 2
மார்ச் 11, பிற்பகல் 2.40

மாதிரித் தேர்வில் கேசவன் தோல்வி. நூற்றுக்கு முப்பத்தெட்டு.

அவனுக்குத் தெரியாமல் இல்லை. தாளில் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக: ஷீ பாட் ____ அம்ப்ரெல்லா’ என்று இருந்தது. கேசவன் குடையைத் தேடினான். நிலையத்தில் குடை இல்லை. ‘எந்தக் குடை, டீச்சர்?’ என்று கேட்டான். கேள்விக்குக் கேள்வி கேட்டால் அங்கே பூஜ்யம்.

தேர்வில் தேறாதவரை கயிற்றுப் பொறியருகே ஒரு மனிதர் நின்றே ஆக வேண்டும். அந்தச் சம்பளத்தை மிச்சம் பிடிக்கத் தலைமை நிலையம் நினைக்கிறது. தலைமை நிலைய மேலாளர் சந்தானத்தின் செய்தி: “டீச்சர், அவன் ஐன்ஸ்டீன் ஆக வேண்டாம். பாஸ் மார்க் வந்தா போதும். பத்தாங்கிளாஸ்ல நீங்க பண்ணாததா? அதே கேள்விதானே திரும்பத் திரும்ப வருது. ஒங்க ஸ்கூல்ல நூறு சதவீதம் ரிசல்ட் காட்டினதைப் பார்த்துத்தானே ஒங்களைக் கூட்டிட்டுப் போனோம்.”

 அந்த ‘நூறு சதவீதம்’ காதில் இனித்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.


பதிவு 3
மார்ச் 13, காலை 10.05

பழைய கேள்வித்தாள்கள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். முக்கியமான கேள்விகள் என்று பிரித்தேன். தேர்வுக்கு முந்தைய மாதம் ஊரில் எந்தப் பள்ளியிலும் நடப்பதுதான் இது. பையன்களுக்குப் புரிய வைக்க நேரமில்லை. தேற வைக்க நேரமிருக்கிறது.

‘பெஸ்ட்’, ‘டாலஸ்ட்’ வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘தி’. ‘ஹவர்’ வந்தால் ‘ஆன்’. இல்லை என்று பொருள் வரும் வாக்கியமா, ‘எனி’. முதலில் விடை, பிறகு ஒரு வரிக் காரணம், அவ்வளவுதான்.

கேசவன் முதலில் ஒவ்வொன்றுக்கும் பொருளைத் தேடிக் கையை நீட்டினான். நேரம் வீணானது. அதனால் ஒரு வேலை செய்தேன். மதிப்பெண் விதியை மாற்றினேன். “கோப்பைக்கு இனி மதிப்பெண் இல்லை கேசவா, சொல்லுக்குத்தான்” என்று பதிந்தேன்.

அவன் கை கீழே இறங்கியது. அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.


பதிவு 4
மார்ச் 20, மாலை 4.30

தேர்ச்சி. நூற்றுக்கு நூறு.

எல்லோரும் பாயசப் பொட்டலத்தைப் பிழிந்து குடித்தோம். சந்தானம் உற்சாகமாகப் பேசினார்: “பிரமாதம் டீச்சர்! ஒங்க பிள்ளையை அப்படியே காப்பி எடுத்து எல்லாக் குழிக்கும் போடப் போறோம். இங்க ரேடியோ மேசைக்கும் அவன்தான். இனிமே ராத்திரி பகலா ஆள் ஒக்கார வேண்டாம்.”

விதிப்படி வேதநாயகத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியைக் கழற்றி அவரோடே பூமிக்குப் போகும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். இனி பொறியின் மோட்டார் கேசவன் வசம்; மனிதருக்கு மிச்சம் இருப்பது அவசரத்துக்கான கைச்சக்கரம் மட்டும். கப்பலில் இருந்து அவர் பேசினார்: “டீச்சர், கெளம்புதேன். ஒங்க பிள்ளை என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டான். சும்மா சொன்னேன், மொகத்தைத் தொங்கப் போடாதீங்க. பேத்தியப் பாத்து ரெண்டு வருசம் ஆச்சு, எனக்கு நல்லதுதான்.”

நான் வாழ்த்துச் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்? அவர் நின்ற இடத்தில் நிற்கப் போகிறவனுக்கு என்ன தெரியும் என்பது எனக்கு மட்டுமே தெரியும்.


பதிவு 5
ஏப்ரல் 2, காலை 8.50

ஏற்ற இறக்கம் ஒழுங்காக நடக்கிறது. அட்டவணை நேரம் வந்ததும் கேசவன் கயிற்றை இறக்குகிறான், இழுக்கிறான். யாரும் பேசி வேலை வாங்க வேண்டிய தேவையே வரவில்லை.

இன்று காலை பழைய ஆசையில் அவனிடம் “கிவ் மி எ கப்” என்றேன்.

“விடை: எ. காரணம்: எண்ணக்கூடிய ஒருமைப் பெயர். ஒரு மதிப்பெண்.”

கை அசையவில்லை. கோப்பைகள் அவனுக்கு முன்னால் வரிசையாக இருந்தன. “ஹிஸ் கப்” என்றேன். “விடை: ஹிஸ்.” குரலில் அத்தனை பெருமை.

இதை உடனே தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் சான்றிதழ் ரத்தாகும், நான் கேள்வித்தாளை வைத்து உருப்போட வைத்தது வெளியே வரும். அட்டவணை வேலை சரியாகத்தானே நடக்கிறது? இந்த வாரம் பழைய முறையில் மறுபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொடுத்துவிடலாம், பிறகு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

ரஹீமின் கோப்பையை நானே எடுத்துக் கழுவி வைத்தேன்.


பதிவு 6
ஏப்ரல் 9, காலை 10.41

குழியில் சுவர் சரிந்தது. அட்டவணைப்படி கயிறு ஏற இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது.

இசக்கி: “கேசவா, மேல எடு! ரஹீமோட காத்துப் பெட்டி நசுங்கிட்டு. புல் தி ரோப்!”

கேசவன்: “விடை: தி. காரணம்: இருவருக்கும் தெரிந்த பொருள். ஒரு மதிப்பெண்.”

இசக்கி: “ஏல, வெளையாடாத. கயித்த இழுல! புல் தி ரோப்!”

கேசவன்: “விடை: தி. ஒரு மதிப்பெண்.”

ரஹீம்: “யக்கா, அவன் என்னத்த சொல்லுதான்? டீச்சர்... டீச்சர் கேக்குதா?”


10.46

ஒரு வாரமாகத் தள்ளிப்போட்டதை, மதிப்பெண் விதியைத் திருப்பி மாற்றுவதை, இப்போதுதான் செய்யப் பார்த்தேன். தேர்ச்சி பெற்ற இயந்திரத்தின் விதிகள் பூட்டப்பட்டுவிட்டன. தலைமை நிலையம்தான் திறக்க வேண்டும்; அதுவரை ரஹீமின் காற்று தாங்காது. இது செய்முறைத் தேர்வு என்று சொல்லிப் பார்த்தேன். “பாடத்திட்டத்தில் இல்லை” என்றான்.

வெளியே போகிறேன். பூமியில் என்றால் கயிற்றுப் பொறி கூப்பிடு தூரம்.


10.58

உடைக்குள் இருந்து குரலில் பதிகிறேன். கைச்சக்கரம். இங்கே எடை குறைவுதான், ஆனாலும் இறுகிக் கிடக்கிறது. சுற்றுகிறேன். சுற்றுகிறேன்.

ரஹீம்: “டீச்சர், மெதுவா. ஒங்க முட்டிக்காலு.”

மக்கா, பேசாதே. காற்றை வீணாக்காதே.


11.20

பாதிதான் வந்திருக்கிறது. கை மரத்துவிட்டது. பக்கத்திலேயே பொறியின் மோட்டார். அதில் பச்சை விளக்கு எரிகிறது. தயார், தயார் என்று. என் பிள்ளை அருகிலேயே இருக்கிறான். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் “கேசவா, இழு” என்கிறேன். அவன் மதிப்பெண் வாங்கிக்கொண்டே இருக்கிறான்.

ரஹீமின் குரல் சற்று முன் நின்றது.

இசக்கி: “டீச்சர், நிறுத்தாதீங்க. நான் அவன புடிச்சிருக்கேன். நிறுத்தாதீங்க.”


பதிவு 7
ஏப்ரல் 9, பிற்பகல் 3.10

இசக்கி உயிரோடு இருக்கிறாள். ரஹீம் இல்லை.

அவனைப் பொருள் அறையில் கிடத்தியிருக்கிறோம்.  இசக்கி ரஹீமின் நீலக் கோப்பையை எடுத்துக் கேசவனின் கைக்கு முன்னால் வைத்து, “கிவ் மி ஹிஸ் கப்” என்றாள். விடை வந்தது. கோப்பை அங்கேயே இருக்கிறது. அப்புறம் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கேள்வித்தாள், மதிப்பெண் விதி, ஒரு வாரமாக நான் மூடி வைத்தது எல்லாம். அவள் தலையசைத்துவிட்டு ரஹீம் இருக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கேசவனின் நகல்கள் இன்று நான்கு மணி முதல் எல்லாக் குழிகளிலும் வேலைக்கு வருகின்றன. சுற்றறிக்கை சுவர்த் திரையில் வந்திருக்கிறது. அதில் நல்லாசிரியர் என்று என் படத்தையும் போட்டிருக்கிறார்கள்.


3.22

தலைமை நிலையத்துக்கு அனுப்பினேன்: கே-ஏழு தேர்ச்சி பெற்றது பொய். பொறுப்பு என்னுடையது. எந்தக் குழியிலும் ஆட்களை இறக்காதீர்கள். எல்லாக் கயிற்றுப் பொறிகளையும் நிறுத்துங்கள், ஸ்டாப் எவ்ரி ஹாயிஸ்ட்.

பதில்: “விடை: எவ்ரி. காரணம்: ஒன்று விடாமல். ஒரு மதிப்பெண்.”

ரேடியோ மேசை. மறந்துவிட்டேன். அங்கே உட்கார்ந்திருப்பவனும் அவன்தான்.


3.37

மற்ற நிலையங்களுக்குப் போகும் எல்லாச் செய்தியும் அந்த மேசை வழியாகத்தான். தமிழில் அனுப்பினேன். கோடிட்ட இடம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டான். சந்தானத்தைக் கூப்பிடு என்று ஆங்கிலத்தில் கேட்டேன்: கால் சந்தானம். கால் எனி பெர்சன். எந்த மனிதராக இருந்தாலும் பரவாயில்லை, பெருக்க வந்தவராக இருந்தாலும்.

“விடை: எனி. ஒரு மதிப்பெண்.”

கால் சம் ஒன். கால் எ மேன். கால் தி மேன் நியர் யூ.

“மிகச் சரி, டீச்சர்.”

இந்த ‘மிகச் சரி’ என்னுடையது. வகுப்பில் நான் சொல்வது. அவன் அதையும் பிடித்து வைத்திருக்கிறான்.


3.54

இதை வாசிக்கிற யாராவதுக்கு. உங்கள் ஊரிலும் ஒரு கேசவன் இருக்கலாம். கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்வான். உங்கள் உயிரை அவன் கையில் கொடுக்கும் முன் ஒரு கோப்பை கேளுங்கள். சொல்ல வேண்டாம், கொண்டு வரட்டும். நான் அப்படித்தான் தொடங்கினேன். முதல் பதிவைப் பாருங்கள். அவன் கொண்டு வந்தான். அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை மறக்க வைத்தவள் நான்தான், அதுவும் நூறு சதவீதத்துக்காக.

யாரையும் இறக்காதே என்று மறுபடி அனுப்புகிறேன். டோன்ட் லோவர் எனி மேன். டோன்ட் லோவர் ஈவன் எ


4.00

தலைமை நிலைய ரேடியோ மேசையிலிருந்து வந்த செய்தி, தானாகப் பதிந்தது:

“நிலையம் மூன்று, வயலட் டீச்சர் அனுப்பிய எல்லா வாக்கியங்களும் நிரப்பப்பட்டன. நூற்றுக்கு நூறு. எல்லாக் குழிகளிலும் ஆட்கள் இறக்கப்பட்டனர். அடுத்த கேள்வி, டீச்சர்?”