ஏழாம் கட்டில் மாமா

செப்டம்பர் 9, செவ்வாய்

டெங்கு வார்டில் ஏழாம் கட்டில் மட்டும் காலி என்று நிம்மதியாக இருந்தேன். பதினோரு மணிக்கு அதில் வந்து படுத்தவர் என் மாமனார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மூன்று நாள் காய்ச்சல். என்னைப் பார்த்ததும், "வேற நர்ஸே இல்லையா?"

செப்டம்பர் 10

சிறுநீரை அளந்து எழுத வேண்டும். உடம்புக்குள் நீர் கசிந்தால் முதலில் அதுதான் குறையும். மருமகளிடம் பாட்டிலைக் காட்டுவதா? மானம் போய்விடுமே! "நிறையப் போனேன்மா" என்கிறார். பாட்டில் காலி. பக்கத்துக் கட்டில் சலூன்காரருக்கோ ஒரே நாளில் நாலு லிட்டர்! டாக்டர் பதறிப்போய் அவருக்குச் சர்க்கரை பார்க்கச் சொல்லிவிட்டார்.

சலூன்காரரைத் தனியாக விசாரித்தேன்.

"பெரியவர் என் பாட்டில்லதான் ஊத்துறார், சிஸ்டர். கெஞ்சினார், நான் என்ன பண்ண?"

சிரிப்பதா, அழுவதா? பேனாவைக் கொடுத்து, மாமா ஊற்றும் முன்னும் பின்னும் பாட்டிலில் கோடு போடச் சொன்னேன்.

செப்டம்பர் 11

காய்ச்சல் விட்டது. மாமா தலை சீவி, சட்டை மாட்டி, "ரைட், போலாம்" என்று உட்கார்ந்துவிட்டார். அத்தையும் பையும் கையுமாக நிற்கிறார்.

"காய்ச்சல் விட்டப்புறம்தான் மாமா ஆபத்தே."

"முப்பது வருஷம் பஸ்ல நின்னவன். எனக்கா சொல்றே?"

மதியம் சலூன்காரரின் பாட்டிலை எடுத்தேன். ஒரு கோடுகூட இல்லை. ஐயோ, காலையிலேர்ந்து போகவே இல்லையா? ஓடிப்போய்க் கையைத் தொட்டேன் — ஜில்லென்று. வாய் ஓயாத மனுஷர் பேசவில்லை. ரத்த அழுத்தம் 96க்கு 82. மேல் எண்ணும் கீழ் எண்ணும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன; உள்ளே நீர் கசிகிறது. டாக்டரைக் கத்திக் கூப்பிட்டேன். ட்ரிப்ஸ் வேகமாக ஏறியது. இரண்டு மணி நேரம் அவர் கையை விடவில்லை. நாடி பார்க்கத்தான் — வேறெதற்கு?

செப்டம்பர் 12

முந்நூறு மில்லி! பாட்டிலைத் தானே நீட்டி, வார்டே திரும்பிப் பார்க்கும் கண்டக்டர் குரலில், "எழுதிக்கோ!"

செப்டம்பர் 24

வேலைக்குக் கிளம்ப அலமாரியைத் திறந்தால், என் சீருடை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தது. யார் என்று கேட்டேன். அத்தை கண்ணாலேயே மாமாவைக் காட்டினார். அவர் பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

காலரில் முக்கோணமாக ஒரு கருகல். அப்படியே போட்டுக்கொண்டு போனேன்.