ஒரே நேரத்தில் அணைந்த போன்கள்

மார்ச் 4

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் முடிவுகளை மாற்றி எழுதிய செய்தி இன்று முதல் பக்கத்தில் வந்துவிட்டது. என் செய்தி. தகவல் தந்தவர் அங்கேயே வேலை பார்க்கும் ஓர் அக்கா. ஆசிரியர் காதைப் பொத்திக்கொண்டார்: "யாருன்னு எங்கிட்டயும் சொல்லாதே தாயே. தெரியாததை எப்படி உளறுவேன்?"

அம்மாவின் விமர்சனம்: "இத்தனை நாளா இந்தத் தண்ணியிலதான் எனக்கு டீ போட்டுக் கொடுத்தியா?"

மார்ச் 9

அலுவலகத்துக்கு உளவுப் பிரிவிலிருந்து இரண்டு பேர். சீருடை இல்லை, மரியாதைக்குக் குறைவில்லை. தகவல் தந்தது யார் என்று கேட்கவே இல்லை. ஒரே கேள்வி: "சனிக்கிழமை மத்தியானம் மட்டும் உங்க போன் ஏம்மா அணைஞ்சு கிடக்கு?"

"தூங்குவேன்."

"நல்ல பழக்கம்," என்றார் ஒருவர், சிரிக்காமல்.

மார்ச் 10

எவ்வளவு பெரிய முட்டாள் நான்! சந்திக்கும்போதெல்லாம் என் போனை அணைத்தேன், அக்காவையும் அணைக்கச் சொன்னேன். பாதுகாப்பாம். அந்தக் கூடத்தில் அதே நேரம் யாருடைய போன் அணைந்தது என்று பார்த்தால் போதாதா? ஒளிகிறேன் என்று நானே கைகாட்டியிருக்கிறேன்.

போய் எச்சரிக்கலாமா? போனால் பின்னாலேயே வருவார்கள்.

மார்ச் 12

போகவில்லை.

மார்ச் 15

பிடித்துவிட்டார்கள் — அக்காவை அல்ல, கூடத்தின் எழுத்தரை. பாவம், அவர் நிஜமாகவே சனிக்கிழமை மத்தியானம் போனை அணைத்துவிட்டுத் தூங்குகிறவர். சொல்லியிருக்கிறார். யாரும் நம்பவில்லை.

அவர் இல்லை என்று என்னால் சொல்ல முடியும். சொன்னால் அங்கே மிச்சமிருப்பது நாலே பேர். அதில் ஒருவர் அக்கா.

மார்ச் 17

பேருந்து நிறுத்தத்தில் அக்கா பக்கத்தில் வந்து நின்றார். முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"நான் போனை அணைக்கவே இல்லம்மா. பொண்ணு விளையாடட்டும்னு வீட்லயே விட்டுட்டு வருவேன். உன் பேச்சைக் கேட்டிருந்தா அன்னைக்கே மாட்டியிருப்பேன்."

சிரிப்பு வந்துவிட்டது, இரண்டு பேருக்கும். பிறகு அக்கா கேட்டார்: "அந்த மனுஷன் என்ன பாவம் பண்ணாரு?"

"வாயைத் திறக்காதீங்கக்கா. நான் செத்தாலும் சொல்ல மாட்டேன்."

"நீ சொல்ல மாட்டே. அது தெரியும்."

பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டார்.

மார்ச் 21

எழுத்தரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேலையும் திரும்பக் கிடைத்துவிட்டது.

வழக்கறிஞருடன் போய் அக்காவைப் பார்த்தேன். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து முதல் கேள்வி: "பொண்ணு சாப்பிட்டாளா?"

சாப்பிட்டாள். எங்கள் வீட்டில், அம்மா ஊட்டி. நாளைக்கு அவளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட வேண்டும். இரட்டைப் பின்னல் போட அம்மாவிடம் கற்றுக்கொண்டிருக்கிறேன்.