அது தம்பி இல்லை

நண்பா,

இன்று காலை செம்பூர் ஸ்டேஷன் சுவரில் நம் இயந்திர வீரனின் நான்காம் பாகத்துக்குப் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பசை வாடை மூக்கில் ஏறியதும் கோபம்தான் முதலில் வந்தது. மூன்றாம் பாகத்தில் செய்த அநியாயம் போதாதா இவர்களுக்கு? நீ இருந்திருந்தால் உன்னிடம் ஒரு மூச்சு திட்டித் தீர்த்திருப்பேன். போன மழைக்காலத்து மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

முதல் பாகத்தில், கூட்டத்தைச் சுடு என்ற கட்டளையை அவன் மறுத்து நின்றான். இரண்டாம் பாகத்தில், தன்னைப் பழுதுபார்த்த பெண்ணைக் காப்பாற்றத் தன் பேட்டரியையே பிடுங்கிக் கொடுத்துவிட்டுச் சாய்ந்தான். தாராவி வீடியோ பார்லரில் டிவி பக்கத்தில் நின்று, ஆங்கில வசனத்தையெல்லாம் நீ திருநெல்வேலித் தமிழில் சொல்லச் சொல்ல, தோல் பட்டறைக்காரர்களும் இட்லி விற்கும் பெண்களும் மூக்கைச் சிந்தினார்கள்.

எண்பத்தாறில் வந்தது மூன்றாம் பாகம். செத்தவன் எழுந்து வந்தான். எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. சுட மாட்டேன் என்றவன் கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டுத் தள்ளினான். அந்தப் பெண்ணுக்கு அலறுவதைத் தவிர வேலை இல்லை. எடுத்தவர்களே முதல் இரண்டையும் பார்க்கவில்லை போலும்!

நீ என்ன செய்தாய்? "இது செத்தவன் இல்ல, அதே அச்சுல வார்த்த தம்பி. இவனுக்கு மனசு வைக்க மறந்துட்டானுவ" என்று சரடு விட்டாய். கூட்டம் உச்சுக் கொட்டியது. ஆபீஸில் டைப் அடிக்கிறவன், எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்ற திமிர். எழுந்து கத்தினேன்.

"ஏல, சும்மா காலிபீலி புளுகாத! தம்பியுமில்ல, கிம்பியுமில்ல. படம் குப்பை, குப்பைன்னு சொல்லு!"

நீ கையிலிருந்த சோடாவைக் கீழே வைத்தாய். "ஆறு நாளு பட்டறையில வெந்துட்டு வந்திருக்காவ மக்கா. அவுகள்ட்ட குப்பைன்னு எப்படிச் சொல்ல? சரி, நீயே வந்து சொல்லு."

சொன்னேன், உள்ளதை உள்ளபடி. பாதிப் படத்தில் பெஞ்சுகள் காலி. அதன்பிறகு யார் கூப்பிட்டும் நீ டிவி பக்கத்தில் நிற்கவே இல்லை. என்னோடு டீ குடித்தாய், சிரித்தாய். படம் பற்றி மட்டும் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் சொன்னதுதானே சரி!

இன்று போஸ்டர் முன்னால் ஒரு பட்டறைக்காரர், அன்று பார்லரில் இருந்தவர், என்னை அடையாளம் தெரியாமல் பேச்சுக் கொடுத்தார். "போன படத்துல வந்தாம்லா, தம்பிக்காரன்... பாவம், மனசில்லாத பய. இதுலயாவது வச்சிருப்பாவளா?"

திருத்தத்தான் வாயைத் திறந்தேன்.

"வச்சிருப்பாவ அண்ணாச்சி" என்றேன்.